கல்நாரும் பேரேட்டில் இல்லாதவர்களும்

சென்ற கோடையில் மந்தாரக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்தார்கள் என்பதைவிடச் சம்மட்டியால் நொறுக்கினார்கள் என்பதே பொருந்தும். விழுந்த ஆஸ்பெஸ்டாஸ் சில்லுகளைச் சித்தாள் ஒருவர் துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். முகத்தில் கட்டியிருந்த துண்டு ஒன்றே அவருக்குக் காவல்.

நெய்வேலியில் 1957இல் சுரங்க வேலையும் 1962இல் மின் உற்பத்தியும் தொடங்கியபின், அவற்றை அண்டி வளர்ந்த ஊர் இது. கூரை வீட்டுக்கும் மெத்தை வீட்டுக்கும் இடைப்பட்ட வாழ்க்கைக்கு ஆஸ்பெஸ்டாஸே அடையாளம். தீப்பற்றாது, கீற்று மாற்றும் செலவில்லை. எளியவர்க்கு அது ஓர் உயர்வு. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தமிழில் அதன் பெயர் கல்நார். கல்லாகவும் நாராகவும் இருக்கும் கனிமத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. தீங்கு அப்பெயரின் பின்பாதியில் இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இழை நுரையீரலில் தைத்து, கரையாமல் 20, 30, 40 ஆண்டுகள் கிடந்து நோயாகிறது.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் உழைத்த நெல்லி கெர்ஷா 1924இல், தம் 33ஆம் வயதில் இறந்தார். அவரது நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக் எழுதியதால் அந்நோய் மருத்துவ ஏட்டில் இடம்பெற்றது. 1931இல் அங்கே ஆலைத் தூசைக் கட்டுப்படுத்த விதிகள் வந்தன. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் குழுவினர், நுரையீரல் உறையில் தோன்றும் ஓர் அரிய புற்றுநோயைக் கல்நாரோடு தொடர்புபடுத்தினர். அந்நோயாளிகளில் சுரங்கத்தில் ஒருநாளும் உழைக்காதவர்களும் இருந்தனர். கல்நார்ச் சுரங்கத்துக்கு அருகே வாழ்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்திய உச்சநீதிமன்றம் 1995 ஜனவரியில் அளித்த தீர்ப்பு, கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்கச் சொன்னது. நோயுற்றோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. நோயின் கால அளவை அறிந்து எழுதிய நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஆலைப் பேரேட்டில் பெயருள்ளவர்களைப் பற்றியது. இன்று ஒரு தெருவிலும் நாளை வேறொரு தெருவிலும் கூரை உடைக்கும் கூலியாளின் பெயரை எந்தப் பேரேட்டில் தேடுவது? பிரிட்டன் 1999இல் கல்நாரை முற்றாகத் தடை செய்தது. நம் கடைகளில் கல்நார்த் தகடு இன்றும் விற்கிறது.

உடையாத தகட்டில் இழைகள் சிமெண்டுக்குள் அடங்கிக் கிடக்கும். உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளையிடும்போதும்தான் அவை பறக்கின்றன. எனவே தகட்டை நீரால் நனைத்து, போல்ட்டுகளைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும். உலர்ந்த தூசைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, கழிவைத் தடித்த பாலித்தீனில் பொதிய வேண்டும். துண்டு போதாது, நுண்துகள் வடிகட்டியுடன் முகத்தில் இறுகப் படியும் முகமூடி வேண்டும். குழந்தைகள் அப்பக்கம் வரலாகாது.

மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "ஐயா, முழுசா இறக்கணும்னா இன்னும் ரெண்டு நாள் கூலி ஆகும். வீட்டுக்காரர் தரமாட்டார்" என்றார். வீட்டுக்காரரிடம் பேசினேன், ஒரு நாள் கூலிக்கு இசைந்தார். எஞ்சிய தகடுகளை நனைத்து இறக்கினார்கள். முன்பே நொறுங்கியவற்றை மாட்டுக்கொட்டகைப் பள்ளத்தை நிரப்பவென்று அதற்குள் யாரோ வண்டியில் ஏற்றிச் சென்றுவிட்டிருந்தார்.