ஏவலும் அழைப்பும்: மதுரைச் சமவெளியில் பறையும் பாட்டும் போன வழி



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. மதுரையைச் சுற்றியுள்ள இந்தச் சமவெளியில் பறையடிப்பவரும் பாடுபவரும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனார்களே, அந்தப் பயணத்தைத் தீர்மானித்தவர் யார்? கலையின் வரலாற்றை எழுதுபவர்கள் கருவியைப் பற்றியும் தாளத்தைப் பற்றியும் நிறையச் சொல்கிறார்கள். கலைஞன் நடந்த வழியைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறார்கள். நமக்கு அந்த வழிதான் முக்கியம். ஏனென்றால் சாதி அதில்தான் காவல் நின்றது.

பழைய பயணத்துக்கு ஏவல் என்று பெயர். ஊரில் ஒரு சாவு விழுந்தால், சேரியிலிருந்து ஒருவர் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நடந்துபோய்க் கேதம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பறையோடு வந்து பிணம் எடுக்கும்வரை அடிக்க வேண்டும். கோயில் சாட்டு, தண்டோரா எல்லாம் இதே கணக்குத்தான். கூலி களத்துமேட்டில் அளந்து போட்ட தானியம்; இழவு வீட்டில் தரையில் வீசிய சில்லறை. “வர முடியாது” என்று சொல்லும் உரிமை மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. ஊரிலேயே அதிக தூரம் நடந்தவர்கள் அவர்கள். ஆனால் தங்கள் விருப்பத்துக்கு ஓரடியும் நடக்க முடியாதவர்களும் அவர்களே.

இது ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்குமான கருப்பொருள்களில் பறையையும் சேர்த்து எண்ணுகிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியனையும் பாணனையும் கடம்பனையும் சொல்லும் வரிசையில் பறையனையும் ஒரு குடியாகச் சொல்கிறது. எல்லா நிலத்துக்கும் பொதுவாக இருந்த ஒரு கருவி, ஒரு தெருவின் தலையில் மட்டும் சுமத்தப்பட்ட கடமையானது இடையில் நடந்த வரலாறு.

அந்தக் கடமையை மறுத்ததுதான் நம் இசை வரலாற்றின் முதல் பெரிய நிகழ்வு. 1927இல் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டுவிடச் சொன்னார். சாதி விதித்த வேலையைக் கைவிடுவது சுயமரியாதையின் தொடக்கம் என்பது அதன் பொருள். தமிழகக் கிராமங்களில் அது பறையைக் கீழே வைப்பதாக வடிவெடுத்தது. “இனி அடிக்க மாட்டோம்” என்று சொன்ன சேரிகளுக்கு அடி விழுந்தது, வேலை நின்றது. அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்தது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தலித்துகளிடம் அப்படி வேலை வாங்குவதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பிறகும் மறுப்பின் விலையை மறுத்தவர்களே கட்டினார்கள்.

ஏவல் இல்லாத இன்னொரு பயணத்துக்கும் மதுரைதான் தலைநகரம். அது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களை மனப்பாடமாகக் கொண்ட நடிகர்கள் தனித்தனியாகத் தேதி ஒப்புக்கொள்வார்கள்; தனித்தனியாகப் பயணம் செய்வார்கள்; ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து விடியவிடியப் பாடுவார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, தன் பெயர் நோட்டீசில் அச்சாகி, அழைப்பின்பேரில் போகும் கலைஞன் இங்கே உருவானான்.

ஆனால் அழைப்பு வந்தால் சாதி போய்விடுமா? திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ் (1886–1940) கூட்டம் கூட்டமாக மக்களை ஈர்த்த பாடகர். விடுதலைப் பாட்டுக்காகப் பலமுறை சிறை சென்றவர். அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால், அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். மறுக்காமல் நடித்தவர் மதுரையின் கே.பி. ஜானகியம்மாள். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே விஸ்வநாததாஸின் உயிர் பிரிந்தது. மக்கள் அவர் குரலைக் கொண்டாடினார்கள். அவர் பக்கத்தில் நிற்கத் தயங்கினார்கள். இந்த முரண்பாட்டை மறக்காதீர்கள். இன்றைய மேடைக்கும் அது பொருந்தும்.

அடுத்த தலைமுறையில் ஏவலை மறுத்த கோபமும் அழைப்பின்பேரில் போகும் மேடையும் ஒருவரிடம் சேர்ந்தன. அவர் கே.ஏ. குணசேகரன். 1955இல் இளையான்குடிக்குப் பக்கத்து மாரந்தையில் பிறந்தவர். நாட்டுப்புறக் கலைகளை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். புதுவையில் நாடகப் பேராசிரியரானார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். ஆனால் இங்குள்ள பெரியவர்களுக்கு அவர் முதலில் பாட்டுக்காரர். இடதுசாரி மேடைகளிலும், அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பின் பெருகிய தலித் மேடைகளிலும் ஊர் ஊராகப் பாடினார். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடல் தாளிலிருந்து தெருவுக்கு இறங்கியது அவர் குரலில்தான். 2016 ஜனவரியில் குணசேகரனும் அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாபும் மறைந்தார்கள்.

2005இல் வந்த அவருடைய தன்வரலாறு ‘வடு’. மாணவர்கள் அதை ஊர்களின் வரைபடமாகவும் வாசிக்க வேண்டும். இஸ்லாமியர் நிறைந்த இளையான்குடியில் அவருக்குச் சாதி அவ்வளவாக உறைக்கவில்லை. சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போனபோது உறைத்தது. சில மைல் தூரத்தில் மனிதனின் மதிப்பு மாறுகிறது. பயணம் செய்யும் கலைஞனுக்கு இது அன்றாட அனுபவம். நிகழ்ச்சி முடிந்து கைதட்டிய அதே ஆள் சாப்பாட்டுப் பந்தியில் மெதுவாகக் கேட்பார்: “தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” எந்தப் பக்கம் என்பதற்கு என்ன பொருள் என்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பறைக் குழுக்களின் பயணமும் அப்படித்தான். பங்குனியிலிருந்து ஆடிவரை கொடை, பொங்கல், திருவிழா என்று தேதிகள் நெருக்கும். மற்ற மாதங்களில் கட்டட வேலையோ வயல் வேலையோ பார்க்க வேண்டும். வேனில் ஏறி இரவெல்லாம் போய் இறங்கியதும் முதல் வேலை வைக்கோல் தேடுவது. தோல் தளர்ந்திருந்தால் பறை பேசாது. தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும். ஒரு மழை வந்தால் மறுபடியும் காய்ச்சல். இரண்டு மணி நேரம் அடவு வைத்துக்கொண்டே அடிப்பவனுக்குத் தோளும் முழங்காலும்தான் மூலதனம். அது தேய்ந்தால் ஈடுகட்ட ஆளில்லை.

இருந்தும் மாற்றம் நடந்திருக்கிறது. அலங்காநல்லூர் வேலு ஆசான் மூத்தவர்களிடம் கற்ற அடிகளைச் சாதி பார்க்காமல் ஆயிரக்கணக்கானோருக்குக் கற்றுக்கொடுத்தார். 2025இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள், பெண் தொடக்கூடாது என்றிருந்த பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். கல்லூரி மாணவர்கள் காசு கொடுத்துப் பறை வாங்கிப் பழகுகிறார்கள்.

இங்கே நமக்குள் ஒரு பழைய விவாதம் உண்டு. இழிவின் அடையாளத்தை எரிக்க வேண்டும் என்பவர்கள் ஒருபுறம். மீட்டெடுத்து ஆயுதமாக்க வேண்டும் என்பவர்கள் மறுபுறம். இரண்டும் எதிரெதிரானவை என்று நான் நினைக்கவில்லை. “அடிக்க மாட்டேன்” என்று சொல்ல முடிந்தவனுக்குத்தான் “அடிப்பேன்” என்பது கலையாகிறது. மறுத்தவர்கள் வாங்கிய அடியின் மேல்தான் இன்றைய மேடை நிற்கிறது. மறுப்பை மறந்துவிட்டு மீட்பை மட்டும் கொண்டாடினால், நகரத்து மேடையில் பறைக்கு மாலை விழும். அதே நாளில் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு முதியவர் இழவு வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்.

ஆகவே பறை ஒலிக்கும் இடத்திலெல்லாம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தேதியை யார் முடிவு செய்தது? கூலி முன்கூட்டியே பேசப்பட்டதா? கலைஞர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாம் நடத்தும் விழாக்களிலும் இதையே கேளுங்கள். தோழமைக்காக வந்தார்கள் என்று சொல்லி வேன் வாடகையோடு அனுப்பிவிடுவதும் ஏவலின் இன்னொரு பெயர்தான்.

நான்காவது கேள்விக்கு “ஒன்றும் ஆகியிருக்காது” என்று இந்தச் சமவெளியின் எல்லா ஊர்களிலும் பதில் வரும் நாளில், பறை மறுபடியும் எல்லோருக்குமான கருவியாகும். அதுவரை நம் வேலை முடியவில்லை.