இழப்பெனக் கருதப்பட்ட ஒளி

கொச்சிக் கோட்டைக் கரையில் சீனவலை தூக்குவோர் ஆளுக்கொரு நேரத்தில் கயிற்றை இழுத்தால் வலை எழும்பாது. தோப்புப்படியிலிருந்து அக்கரைக்குச் சென்று பார்ப்போர் எவரும் அறிந்த இச்செய்தி, எலெக்ட்ரான் சேமிப்பு வளையங்களின் வரலாற்றுக்கும் பொருந்தும்.

வளைந்தோடும் எலெக்ட்ரான் ஒளி உமிழும். ஒரு கொத்திலுள்ள நூறு கோடி எலெக்ட்ரான்கள் தத்தம் போக்கில் உமிழ்ந்தால் ஒளியின் திறன் நூறு கோடி மடங்காகும். கொத்தின் நீளம் அலைநீளத்தினும் குறைந்தால் அலைகள் ஒன்றுகூடி, அம்மடங்கு நூறு கோடியின் இருபடியை எட்டும். நம் பாடநூல்கள் இதனை 'ஓரியல்' என்கின்றன. சுருக்கமான, நல்ல சொல்.

இந்த இருபடி முதலில் அச்சத்தையே தந்தது. முடுக்கிக்கு ஊட்டும் ஆற்றலை இவ்வொளி விழுங்கிவிடுமோ என்பதே 1940களின் கவலை. உலோகச் சுவர்கள் நீண்ட அலைகளை அடக்கிவிடும் என்று ஜூலியன் ஷ்விங்கர் 1945இல் கணக்கிட்டார். அக்கையெழுத்துப்படி அரை நூற்றாண்டுக்குப் பின், 1996இல்தான், பெர்க்லியில் தட்டச்சேறியது. லியோனார்ட் ஷிஃப் 1946இல் இச்சிக்கலை அச்சிலேயே எழுப்பினார்.

சுவர் அடக்காத, அதேவேளை கொத்தினும் நீண்ட அலை வேண்டுமெனில் கொத்தையே மில்லிமீட்டருக்குக் கீழே சுருக்க வேண்டும். ஒரு டெராஹெர்ட்சின் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். பெர்லினின் பெஸ்ஸி-2 வளையத்தில், ஆற்றல் சற்று மாறிய எலெக்ட்ரான்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுற்றி வருமாறு காந்தங்களை அமைத்துக் கொத்தைச் சுருக்கினர். தடையின்றி நிலைத்த ஓரியல் ஒளி கிடைத்ததாக 2002இல் அறிவித்தனர். அதற்கு முன் வேறு வளையங்களில் வெடிப்புகளாக மட்டுமே அது தென்பட்டிருந்தது. கொத்தில் எலெக்ட்ரான்கள் மிகுந்தால் அவ்வெடிப்புகள் திரும்பிவிடும். ஆகவே நிலைத்த ஒளி விரும்புவோர் மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். எக்ஸ் கதிர் ஆய்வாளர்களுக்கோ மின்னோட்டம் மிகுந்திருக்க வேண்டும். ஒரே வளையத்தில் இரு சாராரும் முழு நிறைவடைதல் அரிது.

இந்தியாவில் இப்பூசல் எழவில்லை. இந்தூரின் இண்டஸ்-1 (450 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட், 1999), 172.5 மீட்டர் சுற்றளவுடைய இண்டஸ்-2 ஆகியவை புறஊதா, எக்ஸ் கதிர்களுக்காக எழுந்தவை. கொத்துகள் சென்டிமீட்டர் அளவின. டெராஹெர்ட்சுக்கெனத் தில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் மேற்கொண்ட திட்டமோ வளையத்தை நாடாமல், எலெக்ட்ரான் துப்பாக்கியிலேயே குறுங்கொத்துகளை ஆக்கும் வழியைத் தேர்ந்தது.