வெள்ளை நகரத்துக்கு இருந்த இரண்டரை மணி நேரம்

சென்ற வாரம் பார்த்த பெலே எரிமலை, செயிண்ட் பியேர் நகரத்துக்கு மூச்சுவிட அவகாசம் தரவில்லை. கொலம்பியாவின் ஆர்மேரோவுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. அதனால்தான் இந்தக் கதை மனதை அதிகம் வதைக்கிறது.

நெவாடோ டெல் ரூயிஸ், 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த பனிமூடிய எரிமலை. 1845-இல் அங்கிருந்து லகுனில்யா ஆற்றோடு இறங்கிய சேறு சுமார் ஆயிரம் பேரைப் புதைத்தது. சேறு காய்ந்து வளமான மண்ணானது. அரை நூற்றாண்டுக்குப் பின் அதன்மேலேயே ஆர்மேரோ எழும்பியது. பருத்தி கொழித்ததால் 'வெள்ளை நகரம்' என்ற பெயரும் கிடைத்தது.

1985 அக்டோபர் 7 அன்று நிலவியலாளர்கள் அபாய வரைபடம் ஒன்றை முன்வைத்தார்கள். சேறு பாயக்கூடிய இடங்களில் ஆர்மேரோவும் குறிக்கப்பட்டிருந்தது. வீண் பீதி கிளப்புகிறார்கள் என்று சிலர் சீறினார்கள். ஊரைக் காலிசெய்து ஒன்றும் நடக்காவிட்டால் யார் பதில் சொல்வது என்ற தயக்கம் வேறு.

நவம்பர் 13 மாலை ஊரில் சாம்பல் தூறியது. பதற வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்றது வானொலி. இரவு 9.08-க்கு மலை வெடித்தது. எரிமலைக் கணக்கில் அது சிறிய வெடிப்புதான். ஆனால் கொதிக்கும் கல்லும் சாம்பலும் உச்சிப் பனியை உருக்கின. உருகிய நீர் வழிநெடுக மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு, இறங்க இறங்கப் பருத்து, கலவை இயந்திரத்திலிருந்து கொட்டும் கான்கிரீட் போலக் கெட்டியானது. சுமார் 70 கி.மீ. கடந்து, 11.30-க்குச் சற்று முன் இருளில் கிடந்த ஊருக்குள் புகுந்தது. பக்கத்திலேயே மேட்டு நிலம் இருந்தது; நடந்தே ஏறியிருக்கலாம். அந்த மலை அன்றிரவு சுமார் 23,000 உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலானோர் ஆர்மேரோக்காரர்கள்.

வெடிப்பை யாராலும் தடுத்திருக்க முடியாது. சேற்றின் பாதையில் ஊரை வைத்தது மனிதர்கள். தெரிந்த செய்தியை 'உடனே கிளம்புங்கள்' என்ற உத்தரவாக மாற்றாததும் மனிதர்கள்தான். இதை விதி என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆர்மேரோவுக்குப் பிறகு, 1986-இல், எரிமலை நெருக்கடி எந்த நாட்டில் வந்தாலும் விரைந்து சென்று உதவ அமெரிக்கா ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. எரிமலை ஆய்வாளர்களான மோரிஸ் கிராஃப்ட், கட்யா கிராஃப்ட் தம்பதி எரிமலை அபாயங்களை விளக்கிப் படம் எடுத்தார்கள். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ புகையத் தொடங்கியபோது, விஞ்ஞானிகள் அந்தப் படத்தை அதிகாரிகளுக்கும் ஊர்மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஜூன் 15-இல் மலை பிளப்பதற்குள் பல்லாயிரம் பேர் வெளியேறியிருந்தார்கள். படமெடுத்த இருவரும் அதற்கு 12 நாள் முன்பு ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்துபோயிருந்தார்கள்.

பினடுபோவில் நடந்ததை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.