நம் கல்லூரியின் ஆவணங்கள்: 1850 முதல்

1850ஆம் ஆண்டு சென்னை பிராட்வேயில் ஓர் ஓவியப் பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் அறுவை மருத்துவர். தம் கைப்பொருளைச் செலவிட்டே அதை நடத்திய அவர், மறு ஆண்டு தொழிற்பிரிவையும் சேர்த்தார். அந்தப் பத்தாண்டுக்குள் பள்ளியை அரசு ஏற்றது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் தோற்றம் அதுவே.

வரலாறு என்றால் கோப்புகள் மட்டும் என்று நம் முன்னோடிகள் கருதவில்லை. கலை, அறிவியல், கைத்தொழில் ஆகியவற்றுக்கென ஹன்டர் ஓர் இதழ் நடத்தினார். 1856இல் சென்னைப் புகைப்படக் கழகம் உருவானபோது அதை நிறுவியோரில் அவரும் ஒருவர். பள்ளியிலேயே புகைப்படக் கலை கற்பிக்கப்பட்டது. பாரமான கண்ணாடித் தகடுகளையும் ரசாயனங்களையும் சுமந்து திரிய வேண்டியிருந்த காலம் அது! நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி பிரீக்ஸ் எழுதி 1873இல் வெளியான நூலின் படங்களை எடுத்தவர்கள் நம் பள்ளியினர். தோடர், கோத்தர் வாழ்வை ஆராய்வோர் இன்றும் அந்த நூலைத் தேடிச் செல்கின்றனர். பள்ளியில் கற்ற தொழில் ஒரு மலைநாட்டுக்கே ஆவணமானது நமக்குப் பெருமை.

ஹன்டருக்குப் பின் கட்டடக் கலைஞர் சிஸம், அவருக்குப் பின் 1884இல் ஹாவெல் எனத் தலைமை கைமாறியது. ஆண்டுதோறும் பள்ளிநிலை குறித்த செய்திகள் கல்வித் துறை அறிக்கைகளில் ஏறின. எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தின் அரசுத் தொகுதிகளில் நம் வரலாற்றின் எழுத்துப் பகுதியைத் தேடலாம்.

எழுத்தில் அடங்காத பகுதி பட்டறையில் பிறந்தது. 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் இங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு வேண்டிய ஈயப் பூச்சு இதற்குத் தேவையில்லை. கன்னார்களின் பழைய கைத்திறனே புதிய உலோகத்துக்கும் பயன்பட்டது. நம் நாட்டு அலுமினியப் பாத்திரத் தொழிலின் தொடக்கத்தை எழுதுவோர் நம் பட்டறையை விட்டுவிட்டு எழுத முடியாது.

1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைமைப் பொறுப்பேற்றார். இப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1957 வரை பணியாற்றினார். 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் நம் கல்லூரிக் காவலாளியும் ஒருவர். பணியாளர் பட்டியலில் ஒரு வரியாக நின்றிருக்கக்கூடிய மனிதர், கடற்கரைக்கு வருவோர் அனைவரும் காணும் வெண்கலமானார்.

ராய் சௌத்ரியிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் அடுத்து முதல்வரானார். அவர் வழிகாட்டலில் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. நம் மாணவர்கள் அங்கே குடியேறி, கைவினைப் பொருள்களை விற்றுக் கிடைத்த வருவாயில் ஓவியம் தீட்டினர். 2009இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகள் நிலையாக வைக்கப்பட்டுள்ளன. நம் வகுப்பறைகளில் பயின்ற பலருடைய கைவேலையை இன்று அங்கே காணலாம்.