மலைப்பாதையும் மின்னுருகியும்

நம்மவர் எம்மாநிலத்திற் குடியேறி வாழினும், திருப்பதி யாத்திரையை மறப்பதில்லை. சித்தூர் மாவட்டம் சென்னை இராஜதானியைச் சேர்ந்திருந்த 1944-ஆம் ஆண்டில் திருமலைக்கு முதல் மலைப்பாதை திறக்கப்பெற்றது. இரண்டாம் பாதை 1974-இல் வந்தது. அவ்வளைவுகளில் இருட்டிய பின் செல்லும் காருக்கு விளக்கே கண். அவ்விளக்குத் திடீரென அணையுமாயின் முதலில் தேடவேண்டிய பொருள் மின்னுருகி. மக்கள் வழக்கில் பியூஸ்.

இதன் வரலாறு காரினும் பழையது. மின்னலினின்று தந்தி நிலையங்களைக் காக்க மெல்லிய கம்பியை இடலாம் என்று பிரெஞ்சு அறிஞர் பிரெகே 1847-இல் எடுத்துரைத்தார். 1890-இல் எடிசன் உருகிக்குக் காப்புரிமை பெற்றார். மின்னோட்டம் அளவு மீறினால் மெல்லிய உலோகம் தான் உருகி, மற்றக் கம்பிகள் எரியாவண்ணம் காக்கும். உருகி காப்பது விளக்கையன்று, கம்பியையே என்பதை நாம் உளங்கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டில் 2014 வரை வெளிவந்த அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு முதலிய பழைய பிரிட்டிஷ் கார்களில், எஞ்சின் மூடிக்கடியில் இரண்டே உருகிகள் இருந்தன. ஒன்றில் எப்போதும் மின்சாரம் இருக்கும். மற்றொன்றிற்குச் சாவியைத் திருப்பினால்தான் வரும். பின்னர்க் கருவிகள் பெருகின, உருகிகளும் பெருகின. 1970-களில் அமெரிக்காவின் லிட்டில்ஃபியூஸ் நிறுவனம் தட்டையான உருகியைக் கொணர்ந்தது. அதன் நிறமே அளவைக் கூறும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் 1985-இல் தோன்றிய அமர ராஜா நிறுவனம் கார் பாட்டரிகளுக்குப் பெயர்பெற்றது. அத்தகைய பாட்டரி, கம்பிகள் தம்முள் உராய்ந்து இணையுங்கால், நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைப் பாய்ச்ச வல்லது. எனவேதான் பெரிய உருகிகளைப் பாட்டரியின் அருகே, எஞ்சின் மூடிக்கடியில் உள்ள பெட்டியில் வைத்தனர்; சிறியவற்றைப் பெரும்பாலும் ஓட்டுநரின் முன்பலகைக்குக் கீழ் அமைத்தனர். எது எதற்குரியது என்பதைப் பெட்டியின் மூடியிலோ, காருடன் வந்த கையேட்டிலோ காணலாம்.

உருகியை மாற்றுங்கால் விளக்கையும் சாவியையும் அணைத்துவிட்டு, அதே அளவுள்ளதையே இடுக. அதுவும் உருகுமாயின் பழுது கம்பியிலோ கருவியிலோ உள்ளது. அந்நிலையிற் செப்புக் கம்பியையோ சிகரெட்டுத் தாளையோ செருகுவது, காவலனை நீக்கித் தீயை அழைப்பதாகும். மனைவி மக்களுடன் மலையேறும் நாம், அடிவாரத்திலேயே பெட்டியின் இடத்தை அறிந்து, மாற்று உருகிகள் சிலவும் உடன்கொண்டு செல்வோமாக.