சுவை யாருக்கு உரியது? மலாயாவின் ரசனை வகுப்பு எழுப்பிய வினா

1950-51ஆம் ஆண்டுகளில், கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ் தன் வாசகருக்காகக் ‘கதை வகுப்பு’ என்னும் பகுதியை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதன் ஆசிரியர்கள். செய்தித்தாளின் பக்கமே வகுப்பறை. சிறுகதையின் இலக்கணம் பாடமாக அச்சேறியது. வாசகர் எழுதி அனுப்பிய கதைகள் மதிப்பிடப்பட்டன. பின்னர்ச் சிங்கப்பூரின் ‘தமிழ் முரசு’ இதழில் சுப. நாராயணன் ‘ரசனை வகுப்பு’ ஒன்றையும் நடத்தினார். முன்னது எழுதுவோருக்கு உரியது. பின்னது படிப்போருக்கு உரியது.

கதை எழுதப் பயிற்சி அளிப்பது எளிதில் விளங்குவது. ரசிக்கப் பயிற்சி அளிப்பது அத்தகையது அன்று. சுவை அவரவர் நாவுக்கு உரியது என்றால் அதற்கு வகுப்பு எதற்கு? சுவையைக் கற்பிக்க முடியும் என்றால் கற்பிக்கும் உரிமையை ஆசிரியருக்கு அளித்தவர் யார்? நம் நாட்டில் இவ்வினா ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகப் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப எழுந்துள்ளது. அதன் வரலாற்றைப் பாடாங் செராய் போன்ற தோட்டப்புற ஊர்களின் நிலையிலிருந்து காண்பது இவ்வுரையின் நோக்கம்.

‘தமிழ் நேசன்’ 1924இலும் ‘தமிழ் முரசு’ 1935இலும் தோன்றியவை. அவற்றின் வாசகருள் பெரும்பகுதியினர் தோட்டங்களில் வாழ்ந்தனர். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது அக்காலத் தோட்டங்களில் இயல்பான காட்சி. கூலிம் வட்டாரத்தின் பாடாங் செராயையும் லூனாசையும் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. அங்கு வாழ்ந்த மக்களுக்குக் கலை புதிதன்று. மாரியம்மன் திருவிழாவில் உடுக்கைப் பாட்டும் கூத்தும் காவடியும் உண்டு. நன்றாகப் பாடியவரை மறுபடியும் பாடச் சொன்னார்கள். தாளம் தவறியவரை விட்டு எழுந்து போனார்கள். விமர்சகர் என்ற பட்டம் எவருக்கும் இல்லை. ஆயினும் தீர்ப்பு இருந்தது; அத்தீர்ப்புக்குப் பின்னால் பலமுறை கேட்டுப் பழகிய செவியும் இருந்தது.

சுவையைப் பயிற்சியோடு சேர்த்துக் காண்பது நம் மரபுக்கு அயலானது அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியதைக் கூறுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் வேண்டிய தகுதியையும் அரங்கின் அளவையும் அது விரித்துரைக்கிறது. மாதவி தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றது அதன் பிறகே. நன்னூலின் பாயிரமோ கேட்போரையே தரம் பிரிக்கிறது. பாலைப் பிரித்துண்ணும் அன்னம் போன்றவரும் உண்டு. நல்லதைக் கீழே விட்டு வண்டலைத் தேக்கிக்கொள்ளும் நெய்யரி போன்றவரும் உண்டு. கேட்டல் என்பதும் ஒரு கல்வி என்பதே இதன் கருத்து. அவ்வகையில் ரசனை வகுப்பு ஒரு பழைய நம்பிக்கையின் புதிய வடிவம். புதுமை அதன் இடத்தில் இருந்தது. அரசவையிலோ புலவர் மனையிலோ நிகழ்ந்தது நாளிதழுக்கு வந்தது. காசு கொடுத்து இதழ் வாங்கிய எவரும் அதில் பங்கு கொள்ளலாம் என்றாயிற்று.

அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனுக்குத் தமிழ் இலக்கியத்தில் உள்ள இடம் பற்றி 1950களின் தொடக்கத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பெரும் விவாதம் மூண்டது. தமிழகத்திலேயே அவரது தகுதி பொது உடன்பாட்டைப் பெற்றிராத காலம் அது. கடல் கடந்து வாழ்ந்த ஒரு சமூகம் அவரைப் பற்றி நாளிதழில் வாதிட்டது. ‘எனக்குப் பிடிக்கிறது’, ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்ற இரண்டு சொற்களும் அத்தகைய மேடையில் நெடுநேரம் நில்லா. ஏன் என்ற கேள்வி உடனே வரும். விடை சொல்லக் கதைக்குள் திரும்பிச் செல்ல வேண்டும். புதுமைப்பித்தனின் நண்பரான கு. அழகிரிசாமி அதே பத்தாண்டில் ‘தமிழ் நேச’னில் பணியாற்ற மலாயாவுக்கு வந்தார். 1957இல் தாயகம் திரும்பும் முன்னர், எழுத்தாளர் கூடிக் கதைகளை ஆராயும் இலக்கிய வட்டத்தை அவர் கோலாலம்பூரில் நடத்தினார்.

எனினும் கற்றோர் தீர்ப்பு எப்போதும் சரியாக அமைந்தது என்று வரலாறு கூறவில்லை. 1964இல் சி. கமலநாதன் எழுதிய புதுக்கவிதை ‘தமிழ் முரசில்’ வெளிவந்தது. இந்நாட்டின் முதல் புதுக்கவிதை என்று அதனைச் சுட்டுவது வழக்கம். அதனைத் தொடர்ந்து யாப்பில் வல்லவர்கள் பலர் அவ்வடிவத்தைக் கவிதை என ஏற்க மறுத்தனர். கெடாவிலிருந்து எழுதிய எம்.ஏ. இளஞ்செல்வனும் சீ. முத்துசாமியும் புதுக்கவிதையின் பக்கம் நின்றவர்கள். எதிர்த்தவர்களின் கையில் துல்லியமான அளவுகோல் இருந்தது. சீரும் தளையும் பிழைத்தால் எவரும் சுட்டிக் காட்டிவிடலாம். ஆனால், அளக்க எளிதானதையே அளக்க வேண்டியது என அவர்கள் கொண்டுவிட்டனர். ஒரு வடிவத்துக்கு உரிய கோலால் வேறொரு வடிவத்தை அளந்ததே நிகழ்ந்த பிழை. அப்பிழையை வெளிப்படுத்தியதும் மறுபக்கத்தார் எடுத்துவைத்த காரணங்களும் கவிதைகளுமே.

தமிழகத்திலும் இவ்வழக்கு நெடிது நடந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் செவியையே முடிவான சான்றாகக் கொண்டார். கம்பனின் பாடல்களில் தம் சுவைக்கு ஒவ்வாதனவற்றை இடைச்செருகல் என விலக்கவும் துணிந்தார். அவரால் கம்பனிடம் வந்தவர் பலர். அதே துணிவு மூலபாடத்துக்கு ஊறாகவும் முடிந்தது. க.நா. சுப்ரமண்யம் தேர்ந்த வாசகனின் ரசனையை முதன்மையாக்கித் தரமானவற்றின் பட்டியல்களை இட்டார். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, படைப்பைப் பகுத்துக் காட்டும் அலசல் முறையை வற்புறுத்தினார். ஈழத்தின் க. கைலாசபதி, ரசனையே சமூக நிலைமைகளால் உருவாவது என்றார். தோட்ட மக்களுக்கு இறுதியாகச் சொன்ன கருத்து முக்கியமானது. பால்மரக்காட்டில் விடியுமுன் வேலைக்குச் சென்றவனுடைய சுவையைக் குறை கூறும் முன், படிக்க அவனுக்குக் கிடைத்த நேரமும் நூலும் எவ்வளவு என்று கேட்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

ஸ்காட்லாந்தின் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவை பற்றிய கட்டுரையில், ‘டான் குவிக்சாட்’ நாவலில் வரும் ஒரு நிகழ்ச்சியை எடுத்தாள்கிறார். இருவர் ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்தனர். மது நல்லதே, ஆனால் தோல் வாடை வீசுகிறது என்றார் ஒருவர். இரும்புச் சுவை தெரிகிறது என்றார் மற்றவர். கேட்டவர் நகைத்தனர். பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வார் கட்டிய சாவி கிடந்தது. நம் தோட்டங்களிலும் இதற்கு ஒப்பான தொழில் இருந்தது. புகையூட்டிய ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிப்பது கண்ணால்தான். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குமிழும் அழுக்கும் பூஞ்சணமும் தேடுவார்கள். அதைக் கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை தரம் இடுவார்கள். பழகிய கண்ணுக்கு நொடியில் தெரிவது பழகாத கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் பழகியவர் ‘இதோ குமிழ்’ என்று விரல் வைத்துக் காட்டினால் புதியவரும் காண்பார். அந்த விரல்தான் விமர்சனம்.

ஒப்புமைக்கு எல்லை உண்டு என்பதையும் மறத்தலாகாது. ரப்பரில் குமிழ் எப்போதும் குறைதான். கதையில் ஒருவர் குறை என்பதை மற்றொருவர் உயிர் என்பார். ஆகவே விரல் வைத்துக் காட்டிய பின்னும் வேறுபாடு எஞ்சும். எஞ்சும் அவ்வேறுபாட்டுக்கு ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பார்க்காமலே வேறுபடுவதற்கு அவ்வுரிமையைச் சான்றாகக் காட்ட இயலாது. சுவை தனிமனிதரிடம் பிறக்கிறது. காரணம் சொல்லப்படும்போது அது பொதுவுடைமை ஆகிறது என்பதே எம் முடிபு.

காரணம் சொல்லாத தீர்ப்பு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குச் சான்று அண்மையிலேயே உண்டு. லூனாசில் பிறந்த ம. நவீன் 2019இல் வெளியிட்ட ‘பேய்ச்சி’ நாவல், 1981இல் அவ்வூரில் நச்சுச் சாராயம் குடித்துப் பலர் மாண்ட நிகழ்வைப் பின்புலமாகக் கொண்டது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்நூலைத் தடை செய்தது. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்பன கூறப்பட்ட காரணங்கள். இவை ஒரு நூலின் மீது ஒட்டப்படும் பெயர்கள். எந்தப் பாத்திரம், எந்தச் சூழல், கதையில் அதன் பணி என்ன என்ற ஆராய்ச்சி அவற்றில் இல்லை. அந்நாவலை ஒருவர் விரும்பலாம்; வேறொருவர் வெறுக்கலாம். இருவரும் வாதிட வேண்டுமாயின் நூல் கையில் இருக்க வேண்டும். தடை வாசகரின் சுவையையும் விமர்சகரின் தீர்ப்பையும் ஒருசேரப் பறிக்கிறது.

அரசைச் சுட்டும் விரலை நம் அமைப்புகளின் பக்கமும் திருப்ப வேண்டும். சிறுகதைக்குத் தங்கக் காசு அளித்த ‘தமிழ் நேச’னின் பவுன் பரிசுத் திட்டம் தொட்டு மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் ஆண்டுப் போட்டி வரை, பரிசுகள் நம் எழுத்தை வளர்த்துள்ளன. ஆனால், பரிசு மட்டும் ஒரு கதை சிறந்தது என்று அறிவிக்குமேயன்றி, ஏன் என்பதைச் சொல்லாது. தோற்றவருக்கும் வாசகருக்கும் வேண்டியது அந்த ‘ஏன்’ ஒன்றே.

இன்று பாடாங் செராயைச் சுற்றி ரப்பர் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வட்டாரத்தின் தொழிலையே மாற்றிவிட்டது. தோட்டங்கள் கலைந்தபோது, கூத்துக் களத்தில் அமர்ந்தும் எழுந்து போயும் தீர்ப்பளித்த அந்த அவையும் கலைந்தது. அதன் இடத்தை நிரப்ப நம்மால் இயன்ற சிறு செயல்கள் இரண்டு. தமிழ் அமைப்புகள் நடத்தும் ஒவ்வொரு போட்டியிலும் நடுவர் அறிக்கை பரிசுக் கதைகளோடு அச்சேற வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் மாதம் ஒரு கதையை எடுத்து, பிடித்தது எது, பிடிக்காதது எது, அது கதையில் எங்கே உள்ளது என்று பத்துப் பேராவது கூடிப் பேச வேண்டும். சுப. நாராயணனுக்கு அதற்கு ஒரு நாளிதழின் பக்கம் வேண்டியிருந்தது. நமக்கு ஒரு தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.