மலைமேல் காத்திருந்த மைந்தர்

நாற்று விட்டவர் ஒருவர், நட்டவர் வேறொருவர், அறுத்துக் களம் சேர்ப்பவர் மற்றொருவர். கல்லணையின் நீர் பாயும் பூதலூர் வட்டத்து மக்கள் இதனை நன்கறிவர். போர்க்களத்திலும் இவ்வாறே நிகழ்வதுண்டு. பூதலூரிலிருந்து மேற்கே இரயிலேறினால் வந்து சேரும் திருச்சிராப்பள்ளியின் மைந்தர் மேஜர் மாரியப்பன் சரவணனின் வரலாறு அதற்குச் சான்றாகும்.

1972 ஆகஸ்ட் 10-ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்த அவர், 1995-இல் இராணுவ அதிகாரியாகப் பொறுப்பேற்று, பீகார் படைப்பிரிவின் முதலாம் பட்டாலியனில் பணியாற்றினார். 1999 மே மாதத்தில், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் பாகிஸ்தான் படையினர் கார்கில் மலையுச்சிகளில் அரண் அமைத்திருந்தது தெரியவந்தது. படாலிக் பகுதியில் 14,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருந்த அரண் ஒன்றைக் கைப்பற்றும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மே 29 விடியற்காலையில் தாக்குதல் தொடங்கியது. மேலே இருப்பவனுக்குக் கீழே வருபவன் எளிய இலக்கு. மறைந்துகொள்ள ஒரு மரமும் அங்கு இல்லை. சரவணன் ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் அரணைத் தாக்கி இருவரை வீழ்த்தினார். வயிற்றில் குண்டுச் சிதறல் பாய்ந்த பின்னும் பின்வாங்காமல் முன்னேறினார். மேலும் இருவர் வீழ்ந்தனர். அப்போது தலையில் பாய்ந்த குண்டு அவர் உயிரைப் பறித்தது. வயது இருபத்தாறு.

அன்று அந்த உச்சி கைவசமாகவில்லை. எதிரியின் துப்பாக்கிகளுக்கு எதிரே கிடந்த அவரது உடலையும் மீட்க இயலவில்லை. மேட்டூர் அணையின் நீரை எதிர்நோக்கிக் காவிரிப் படுகை காத்திருக்கும் பருவம் அது. திருச்சியில் ஒரு குடும்பமோ, மகனின் முகத்தை இறுதியாக ஒருமுறை காண, ஒரு மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்தது. ஜூலைத் தொடக்கத்தில் அவரது பட்டாலியன் வீரர்களே அம்மலைப் பகுதியை வென்று, அவர் உடலை மீட்டனர். இராணுவ மரியாதையுடன் அவர் சொந்த ஊரில் விடைபெற்றார். மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. திருச்சி கன்டோன்மென்ட் பகுதியில் அவருக்கு நினைவுச் சின்னமும் எழுந்தது.

அப்போர் முடிவுற்ற ஜூலை 26-ஐ நாடு ஆண்டுதோறும் வெற்றித் திருநாளாகக் கொண்டாடுகிறது. அது தக்கதே. ஆயினும் கொடி ஏறிய நாளை மட்டும் எண்ணும் வரலாறு அரைகுறையானது. முதலில் ஏறி, வெற்றியைக் காணாமலே விழுந்தவர்கள் காட்டிய பாதையில்தான் பின்வந்தோர் ஏறினர். மே 29-க்கும் உடல் மீண்ட நாளுக்கும் இடையே ஒரு தாய் எண்ணிய நாள்கள் எந்தப் போர்க்குறிப்பிலும் இடம்பெறுவதில்லை. அறுவடையை உண்ணும் நாம் அந்நாள்களையும் நினைவில் கொள்வதே அவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.